‘கடமைச் சுழற்சி’ வேண்டாம், ஓட்டப் பங்கு என்போம்

‘கடமைச் சுழற்சி: 33 சதவீதம்.’ டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரசர் ஒன்றின் விவரச் சீட்டில் தமிழில் இப்படி அச்சடித்திருந்தார்கள். டியூட்டி சைக்கிள் என்பதைத்தான் இப்படி ஆக்கியிருக்கிறார்கள். இந்த வருஷத்தில் இது என் கண்ணில் படுவது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் பேசாமல் இருந்துவிட்டேன். இந்தத் தடவை இந்தச் சொல்லால் என் மச்சான் சித்திரை வெயிலில் நிற்க வேண்டி வந்தது.

காரைக்குடியில் இருந்து கிளம்பி, தேவகோட்டைப் பக்கம் ஆற்றுமணலில் ஜீப்பை இறக்கினோம். மணலில் சக்கரம் புதையாமல் இருக்க, டயர் காற்றை 32 பிஎஸ்ஐயில் இருந்து 18க்கு இறக்கிவிட்டோம். அப்போதுதான் டயர் அகலமாக உட்கார்ந்து மணலைப் பிடிக்கும். திரும்பித் தார் ரோட்டுக்கு ஏறும்போது மறுபடி அடித்தாக வேண்டும். அதற்காகவே மச்சான் பானெட்டுக்குள் ஒரு கம்ப்ரசரை நிரந்தரமாகப் பொருத்தியிருந்தார். முதல் டயர் நாலு நிமிஷம். இரண்டாவது நாலு நிமிஷம். மூன்றாவது பாதியில் மோட்டார் பட்டென்று நின்றுவிட்டது.

“கெட்டுப்போச்சா மாப்ளே?” என்றார். சிலிண்டர் தலையில் விரலை வைத்தேன், ஒரு நொடிகூட வைத்திருக்க முடியவில்லை. கெடவில்லை, சூடு மிஞ்சினால் தானாக நின்றுகொள்ளும் அமைப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. சீட்டைப் படித்தீர்களா என்று கேட்டேன். “படிச்சேன். சுழற்சி 33ன்னு போட்டிருந்துச்சு. மோட்டார் மெதுவாச் சுத்தும் போலன்னு நினைச்சேன்” என்றார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்தத் தமிழ் அதைத்தான் சொல்கிறது.

டியூட்டி சைக்கிள் என்பது இதுதான்: மொத்த நேரத்தில் இயந்திரம் எவ்வளவு நேரம் ஓடலாம் என்கிற பங்கு. 33 சதவீதம் என்றால் மூன்றில் ஒன்று. பத்து நிமிஷம் ஓடினால் இருபது நிமிஷம் ஆற வேண்டும். 50 என்றால் பத்துக்குப் பத்து. 100 என்றால் கம்பெனி சொன்ன நிலைமையில் நிறுத்தாமல் ஓடும். ஓய்வு ஏன் வேண்டும்? சைக்கிள் பம்ப் அடித்தவர்களுக்குத் தெரியும், நாலு குத்துக் குத்தினாலே அடிக்குழாய் சுடும். காற்றை நெருக்கினால் சூடாகும், மோட்டாரின் சொந்தச் சூடும் கூடச் சேரும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல கம்பெனிகள் இந்தக் கணக்கை 100 பிஎஸ்ஐ அழுத்தத்தில், 22 டிகிரி வெப்பத்தில் வைத்துத்தான் சொல்கின்றன. டயருக்கு அவ்வளவு அழுத்தம் தேவையில்லை என்பது நமக்கு லாபம். ஆனால் சித்திரை மாதத்துக் காரைக்குடியில் இன்ஜின் பக்கத்தில் 22 டிகிரி எங்கே கிடைக்கும்?

சொல்லின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டியூட்டி என்பது ‘கொடுக்க வேண்டியது’ என்ற பொருளுள்ள லத்தீன் வேரில் இருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. நம் கடமையும் கடன் என்ற சொல்லோடு பிறந்ததுதான். அங்கே டியூட்டி என்றால் வரியும்கூட. இங்கே சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் கடமை என்றால் நிலவரி. இவ்வளவு அழகாகப் பொருந்துகிற இரண்டு சொற்கள் கிடைப்பது அபூர்வம். அதனால்தான் மொழிபெயர்ப்பாளர் ஏமாந்துவிடுகிறார். இயந்திரக்காரர்களின் டியூட்டி வேறு. நீராவி இன்ஜின் காலத்தில், இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களில் ஒரு கூடை நிலக்கரிக்கு எவ்வளவு தண்ணீரை எவ்வளவு உயரத்துக்கு ஏற்றியது என்ற அளவுக்குப் பெயர் டியூட்டி. அதாவது இயந்திரம் செய்த வேலை. அறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சைக்கிள் என்பது கிரேக்கச் சக்கரம், நம் காதுக்குப் பழகிய வடமொழிச் ‘சக்ர’மும் அதே வேர்தான்.

கடமையை விட்டுவிடலாம், அதை யாரும் தெரிந்து பயன்படுத்துவதில்லை. என் சண்டை ‘பணிச் சுழற்சி’யோடு. நல்ல தமிழ் தெரிந்தவர்கள், யோசித்துச் செய்தவர்கள் பரிந்துரைக்கும் சொல் அது. கடமையைப் பணி என்று மாற்றிவிட்டால் தப்புத் திருத்தப்பட்டது என்று அவர்கள் நினைக்கிறார்கள். தப்பு முன்பாதியில் மட்டும் இருந்தால் சரி. பின்பாதியில்தான் பெரிய தப்பு. நீர்ச் சுழற்சி என்றால் நீர் கிளம்பிய இடத்துக்கே திரும்புகிறது, புரிகிறது. இங்கே சொல்ல வந்தது சுற்றை அல்ல, சுற்றில் ஒரு பகுதியை. சுழற்சியில் 33 சதவீதம் என்றால் என்ன? போதாததற்குச் சுழல்வது மோட்டாரின் தொழில். மோட்டாருக்குப் பக்கத்தில் சுழற்சி என்று எழுதினால் வேகம் என்றுதான் எவரும் நினைப்பார். கொரோனா காலத்தில் ‘சுழற்சி முறையில் பணி’ என்று கேட்டுப் பழகிய காதுக்கு, ஷிப்ட் மாற்றுகிற ஞாபகம்தான் வரும். ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் நொண்டுகிறது என்று தெரிந்துதான் அவர்களுடைய பொறியாளர்கள் டியூட்டி ஃபேக்டர், டியூட்டி ரேஷியோ என்றும் சொல்கிறார்கள். அவர்களே சைக்கிளை விட்டு இறங்கிவிட்ட பிறகு நாம் ஏன் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும்?

‘ஓட்ட ஓய்வு விகிதம்’ என்று ஒரு நண்பர் சொன்னார். பக்கத்தில் வந்துவிட்டார், ஆனால் அதிலும் கணக்குத் தப்பும். ஓட்டத்தை ஓய்வோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒன்று என்பது பத்து நிமிஷ ஓட்டத்துக்கு முப்பது நிமிஷ ஓய்வு ஆகிவிடும். ஒப்பிட வேண்டியது மொத்த நேரத்தோடு. முழுசில் ஒரு பகுதிக்கு நம்மிடம் இருக்கிற சொல் பங்கு. வளவு என்கிற முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு மகனுக்கும் அறை ஒதுக்கி வீடு கட்டிய இந்தச் செட்டிநாட்டுச் சீமையில் பங்கு என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ‘ஓட்டம்’ என்பதை நான் உண்டாக்கவில்லை. போர் போட்ட தோட்டக்காரரைக் கேளுங்கள், “மோட்டாருக்கு நாலு மணி நேர ஓட்டம்” என்பார். அவர் தினமும் சொல்கிற சொல் அது.

ஆகவே ஓட்டப் பங்கு. மின்னணுவியலில் விட்டு விட்டு வருகிற துடிப்பு அலைக்கும் இதே டியூட்டி சைக்கிள் வருகிறதே என்றால், அங்கேயும் இது நிற்கும். மின்சாரம் பாய்வதும் ஓட்டம்தானே.

தமிழ்த்தாய்க்குக் கோயில் கட்டிய ஊரில் இருந்துகொண்டு நான் கம்ப்ரசர் என்று எழுதுவதைச் சிலர் குறை சொல்லலாம். காற்றழுத்தி, காற்றமுக்கி எது வந்தாலும் எனக்குச் சம்மதம், பொருள் கெடாது. பஞ்சர் கடையில் கம்ப்ரசர் என்றால் எல்லோருக்கும் புரிகிறது. புரிகிற அயற்சொல்லைவிடப் புரியாத தமிழ்ச்சொல் அதிகக் கெடுதல் செய்கிறது. அதைத் தமிழ் என்று நம்பி ஒருவர் பொருளை வாங்கிவிடுகிறார்.

அதே சீட்டில் இன்னும் இரண்டு இருந்தன. ‘இலவச காற்று விநியோகம்’ என்று ஒரு வரி. ஃப்ரீ ஏர் என்றால் நெருக்கப்படாத, வெளியில் இருக்கிற சாதாரணக் காற்று. கம்ப்ரசர் ஒரு நிமிஷத்தில் எத்தனை கன அடி வெளிக்காற்றை இழுத்துத் தருகிறது என்ற கணக்கு அது. வாங்குகிறவர் ஓட்டப் பங்குக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டிய எண். அதைப் போய் இலவசம் என்று எழுதினால், பெட்ரோல் பங்கில் ஓசியில் காற்றடிப்பதைத்தான் நினைப்பார்கள். இன்னொன்று ‘உள்பலகை வகை’. ஆன்போர்டு! கப்பலின் பக்கப் பலகையில் இருந்து வந்த சொல், உண்மைதான். மச்சானின் ஜீப்பில் பலகை எங்கே இருக்கிறது? ‘வண்டியோடு பொருத்துவது’ என்று எழுத இரண்டு சொல் போதும்.

மச்சான் இப்போது கம்ப்ரசர் மேல் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்: ‘ஓட்டப் பங்கு 3இல் 1. ரெண்டு டயர், அப்புறம் ஆறட்டும்.’