இருபதில் ஒரு புள்ளி: குறைந்த காசில் எச்டி டிவி வாங்குவதன் அறிவியல்

சென்ற தீபாவளிக்குப் பெரியம்மா வீட்டில் புது டிவி வாங்கினார்கள். 43 இன்ச், 4கே. வந்து இறங்கிய மூன்றாம் நாள் எனக்குப் போன். "ஏண்டா தம்பி, இவ்வளவு காசு குடுத்து வாங்கியிருக்கு, சீரியல்ல மூஞ்சியெல்லாம் மெழுகு பூசின மாதிரி இருக்கே! கலைஞர் டிவியே தேவலை போல."

கலைஞர் டிவி என்று அவர் சொன்னது சேனலை அல்ல. 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த 14 இன்ச் கலர் டிவியை. அது இன்னும் அவர் வீட்டுப் பரணில் இருக்கிறது. "வயசானா பழசுதான் பிடிக்கும்" என்று அண்ணன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். ஆனால் பெரியம்மா பார்த்தது சரி. அந்தச் சீரியல் அந்தப் பழைய டப்பாவில் உண்மையிலேயே நன்றாகத்தான் தெரிந்திருக்கும்.

பெரியம்மா வீட்டுக்கு வருவது சாதாரண எஸ்டி, அதாவது எச்டிக்கு முந்தைய தரத்துக் கேபிள் இணைப்பு. அதில் ஒரு படச்சட்டம் என்பது 720 × 576 புள்ளிகள், சுமார் 4 லட்சத்து 15 ஆயிரம். 4கே திரையில் 3840 × 2160, அதாவது கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளிகள். வகுத்துப் பாருங்கள், சரியாக இருபது மடங்கு. திரையில் இருக்கும் ஒவ்வொரு இருபது புள்ளியிலும் ஒன்றுக்குத்தான் தகவல் வருகிறது. மீதிப் பத்தொன்பதையும் டிவிக்குள் இருக்கும் சிப், அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. கன்னத்தின் சருமம், சேலையின் சரிகை, கீழே ஓடும் எழுத்து எல்லாமே பெரும்பகுதி ஊகம். ஊகம் எப்போதும் வழவழப்பாகத்தான் வரும். மெழுகு பூசினாற்போல் என்பதைவிடப் பொருத்தமாக யாராலும் சொல்ல முடியாது.

போதாததற்கு, வருகிற அந்த ஒரு புள்ளியும் முழுசாக வருவதில்லை. ஒரே அலைவரிசையில் நிறைய சேனல்களை அடைப்பதற்காகப் படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாக நறுக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் நுணுக்கமான விவரங்களைக் கழித்துவிட்டு அனுப்புகிறார்கள். 14 இன்ச் திரையில் அந்தக் கட்டங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. அதே நாற்காலியில் உட்கார்ந்து மூன்று மடங்குக்கு மேல் அகலமான திரையில் பார்த்தால் கட்டமும் மூன்று மடங்கு பெரிதாகிறது. பழைய பிக்சர் டியூப்புக்கு இன்னொரு வசதியும் இருந்தது. அது 576 வரிகளை வரைவதற்கென்றே செய்யப்பட்டது, ஊகிக்க வேண்டிய வேலையே அதற்கு இல்லை. எலக்ட்ரான் கற்றை விழும் இடத்தின் ஓரங்கள் மெல்லக் கரைந்து பக்கத்து வரியோடு கலப்பதால் குறைகளும் கரைந்துபோகும்.

ஆகவே டிவிக் கடைக்குப் போகுமுன் கேட்டுக்கொள்ள வேண்டியது, நம் வீட்டுக்குள் என்ன வருகிறது என்பதுதான். சேல்ஸ்மேன் இதைக் கேட்க மாட்டார். அவர் மேல் தப்பில்லை, கடையில் ஓடுவது எப்போதும் பளிச்சென்று எடுக்கப்பட்ட 4கே கிளியும் பவளப்பாறையும்தான்.

அடுத்தது கண். கண் மருத்துவர் 6/6 என்று எழுதிக் கொடுப்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. 6 மீட்டர் தள்ளி மாட்டியிருக்கும் பலகையில் அந்த வரிசை எழுத்துகளின் கோடுகள் சுமார் 1.75 மில்லிமீட்டர் தடிமன். கண்ணிலிருந்து பார்த்தால், ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் கோணம் அது. அதற்கும் சிறியதைச் சராசரிக் கண்ணால் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. நம் ஊர் ஹாலில் எதிர்ச்சுவரில் டிவி, இந்தச் சுவரில் சோபா, இடையே எட்டு அடி என்று வைத்துக்கொள்வோம். அது சுமார் 2.4 மீட்டர். அந்தத் தூரத்தில் கண் பிரித்தறியும் மிகச் சிறிய அளவு 0.7 மில்லிமீட்டர்.

இப்போது திரைகளை அளக்கலாம். 32 இன்ச் எச்டி ரெடி டிவியில் குறுக்கே 1366 புள்ளிகள், ஒவ்வொன்றும் 0.52 மி.மீ. 43 இன்ச் ஃபுல் எச்டியில் ஒரு புள்ளி 0.5 மி.மீ. இரண்டுமே 0.7-க்குக் கீழே வந்துவிட்டன. 43 இன்ச் 4கேயில் கால் மி.மீ. அந்தக் கால் மில்லிமீட்டரின் அருமை கண்ணுக்குப் படவேண்டுமானால் திரையிலிருந்து ஐந்தரை அடிக்குள் உட்கார வேண்டும். சிலருக்குக் கண் இன்னும் கூர்மை. மெல்லிய கோடுகள், எழுத்தின் ஓரங்கள் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். ஆனாலும் எட்டடி தூரத்திலிருந்து 43 இன்ச்சில் 4கேக்காகத் தனியாகக் காசு கொடுப்பது, என் கணக்கில், வீண்.

இதில் ஒரு குறுக்குச்சால் உண்டு. ஓடிடியில் 4கே படத்துக்கு நிமிடத்துக்கு அனுப்பப்படும் தகவல் ஃபுல் எச்டியைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் 4கே படம் நன்றாகத்தான் தெரிகிறது. அந்தப் பெருமையில் ஒரு நல்ல பங்கு குறைவாகக் கழித்து அனுப்பியதற்குச் சேரும், புள்ளி எண்ணிக்கைக்கு மட்டும் அல்ல. கணினித் திரையாகவும் பயன்படுத்தப்போகிறவர் விஷயமும் வேறு. இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் எச்டி ரெடியில் எழுத்தைப் படிக்கவே சகிக்காது.

சரி, புள்ளிக்குச் செலவிடாத காசை எதில் போடுவது? கறுப்பில்.

கடையில் எல்இடி டிவி என்று விற்பதெல்லாம் எல்சிடி டிவிதான். எல்இடி பின்னால் எரியும் விளக்கு மட்டும். படத்தை உண்டாக்குவது அந்த விளக்குக்கு முன்னால் இருக்கும் திரவப் படிகம். 1888-இல் பிராகில் வேலை பார்த்த ஃப்ரீட்ரிச் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர், கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்ட்ரால் பொருள் ஒன்றைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலாக நின்றது. 178.5 டிகிரியில் திடீரென்று தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலையா என்று அவர் குழம்பிய இடத்தில்தான் இன்றைய டிவி தொடங்குகிறது. அந்தக் கலங்கலில் மூலக்கூறுகள் திரவம்போல் ஓடினாலும், படிகம்போல் ஒரே திசை பார்த்து அணிவகுத்திருந்தன. மின்சாரம் கொடுத்தால் அந்த அணிவகுப்பைத் திருப்பலாம்.

இரண்டு சீப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் பற்கள் நிமிர்ந்தும் மற்றொன்றின் பற்கள் குறுக்காகவும் இருக்கும்படி முன்னும் பின்னுமாகப் பிடியுங்கள். முதல் சீப்பில் நெட்டுக்குத்தாக நுழையும் ஒளி அலை இரண்டாவதில் முட்டி நின்றுவிடும். அதுதான் கறுப்பு. நடுவில் இருக்கும் படிகம் அந்த அலையைத் திருப்பிவிட்டால் அது இரண்டாவது சீப்பிலும் நுழைந்து வெளியே வரும். அதுதான் வெள்ளை. பாதி திருப்பினால் சாம்பல். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வடிகட்டிகள் சேர்ந்தால் ஒரு புள்ளி. ஆக, எல்சிடி திரை ஒளியை உண்டாக்குவதில்லை. எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும் விளக்கின் முன்னால் லட்சக்கணக்கான ஜன்னல்களைச் சாத்தித் திறக்கிறது. ஜன்னல் எவ்வளவு இறுகச் சாத்துகிறது என்பதில்தான் நல்ல டிவியும் சுமாரான டிவியும் பிரிகின்றன.

இந்த ஜன்னல்கள் கொண்ட திரைப் பலகையைப் பேனல் என்பார்கள். அதில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகை பரவலாக உண்டு. விஏ வகைப் பேனலில் மின்சாரம் இல்லாதபோது படிகங்கள் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும், ஒளியைச் சீண்டாது. ஜன்னல் இறுகச் சாத்திக்கொள்ளும். வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் 3000-லிருந்து 5000 மடங்கு வரை போகும். ஐபிஎஸ் வகையில் படிகங்கள் படுத்தபடியே பக்கவாட்டில் திரும்பும். கொஞ்சம் கசியும், வித்தியாசம் சுமார் 1000 மடங்குதான். விளக்கை அணைத்துவிட்டு இரவுக் காட்சி பார்த்தால் ஐபிஎஸ் திரையில் வானம் அடுப்புச் சாம்பல் நிறத்தில் இருக்கும்.

விஏதான் என்று முடிவுகட்டுமுன், வீட்டில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். விஏ திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வண்ணம் வெளிறிப்போகும். சமையலறை வாசலில் நின்றபடி பார்க்கும் அம்மாவுக்கும், ஓரக் கட்டிலில் படுத்திருக்கும் தாத்தாவுக்கும் ஐபிஎஸ்தான் நியாயம் செய்யும். பகலெல்லாம் ஜன்னல் திறந்திருக்கும் ஹாலில் கறுப்பின் ஆழம் எப்படியும் தெரியாது. கண்ணாடியில் விழும் வெளிச்சம் அதை விழுங்கிவிடும். அங்கே பளிச்சென்ற வெளிச்சம்தான் முக்கியம். இரவில் நேர் எதிரே உட்கார்ந்து படம் பார்க்கிற வீடென்றால் யோசிக்காமல் விஏ.

பெட்டியில் இது அச்சிட்டிருக்காது. ஒரே மாடல் எண்ணில் இரண்டு வகைப் பேனலும் வருவதுண்டு. நான் செய்வது இதுதான்: ஒரு முழுக் கறுப்புப் படமும், நன்றாகத் தெரிந்த ஓர் இரவுக் காட்சியும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு போவேன். கறுப்புப் படத்தில் மூலைகள் வெளுத்துத் தெரிகின்றனவா என்று கையால் நிழல் கட்டிப் பார்ப்பேன். பிறகு நாலடி பக்கவாட்டில் நகர்ந்து நின்று பார்ப்பேன். சேல்ஸ்மேன் ஒருமாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

எச்டிஆர் ஸ்டிக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டிக் காட்டும் முறைதான் எச்டிஆர். எச்டிஆர் படங்களைப் பெரும்பாலும் 1000 நிட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தை மனதில் வைத்துத் தயாரிக்கிறார்கள். பட்ஜெட் டிவி கொடுப்பது 200, 300 நிட். ஸ்டிக்கருக்கு அர்த்தம் அந்த சிக்னல் இதற்குப் புரியும் என்பது மட்டும்தான். ஒரு படி அரிசியைக் கால்படியில் கொட்ட வேண்டியிருப்பதால் டிவி மொத்தப் படத்தையும் நசுக்குகிறது. எச்டிஆர் போட்டதும் படம் இருண்டுபோனது என்று பலர் புலம்புவது இதனால்தான்.

கியூஎல்இடி என்பதும் எல்சிடியே. நீல எல்இடிக்கு முன்னால் குவாண்டம் புள்ளிகள், அதாவது நீல ஒளியைச் சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றும் நுண்துகள்கள், பூசிய ஏடு ஒன்று இருக்கும். நீல எல்இடிக்கு 2014-இல் இயற்பியல் நோபல், குவாண்டம் புள்ளிக்கு 2023-இல் வேதியியல் நோபல். இரண்டு நோபல் பரிசுகள் ஹாலில் தொங்குவது சந்தோஷம்தான். சிவப்பும் பச்சையும் துல்லியமாகும், ஆனால் ஜன்னல் கசிவை இது அடைக்காது.

விலை ஏன் இன்ச்சுக்கு இன்ச் சீராக ஏறுவதில்லை? தையற்காரர் துணி வெட்டும் கணக்குதான். பேனல்களைப் பெரிய கண்ணாடித் தகடுகளிலிருந்து வெட்டுகிறார்கள். பரவலாக இருக்கும் தகடு ஒன்று 2200-க்கு 2500 மி.மீ. அதில் 32 இன்ச் என்றால் 18 துண்டு, 55 இன்ச் என்றால் 6 துண்டு கச்சிதமாக உட்காரும். 50 இன்ச் திரையின் அகலம் 1107 மி.மீ. இரண்டை அகலவாக்கில் அடுக்கினால் 2214. பதினான்கு மில்லிமீட்டர் இடிக்கிறது! அதற்கு 2250-க்கு 2600 மி.மீ. தகடு போடும் வேறு ஆலை வேண்டும். வீண் துண்டு எவ்வளவு விழுகிறதோ அதுவும் நம் தலையில்தான். இந்தியாவில் இன்னொரு மேடும் இருந்தது. 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம், 32 வரை 18. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லாவற்றுக்கும் 18 ஆனது.

ஸ்மார்ட் வசதிக்காக அதிகம் கொடுக்காதீர்கள். இரண்டு மூன்று வருடத்தில் அது திணறும், அப்போது எச்டிஎம்ஐயில் ஒரு ஸ்டிக் செருகிக்கொள்ளலாம். பேனலை அப்படி மாற்ற முடியாது. ஒலியும் அப்படியே. இரண்டு விரல் தடிமனுள்ள பெட்டிக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கரால் தவில் சத்தத்துக்கு வேண்டிய காற்றைத் தள்ளவே முடியாது.

பொங்கலுக்குப் போனபோது பெரியம்மா டிவியைப் பிரித்து மேய்ந்தேன். எஸ்டி பாக்ஸை எச்டி பாக்ஸாக மாற்றிக் கொடுக்கச் சொன்னேன். வந்தவர் பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரிலேயே மாட்டிவிட்டுப் போயிருந்தார். அந்த ஒயரில் எச்டி வராது. எச்டிஎம்ஐக்கு மாற்றினேன். ஷார்ப்னஸ் முக்கால்வாசியில் இருந்தது. அது விவரத்தைக் கூட்டுவதில்லை, ஓரங்களைச் சுற்றி வெள்ளைக் கோடு போடுகிறது. அதைப் பூஜ்யத்துக்குப் பக்கம் இறக்கினேன். கடையில் பளபளப்புக்காக வைத்த விவிட் மோடை சினிமா மோடுக்கு மாற்றினேன். விவிட் மோடில் வெள்ளை நீலம் பாரித்திருக்கும். படம் எடுப்பவர்கள் வைத்துக்கொள்ளும் வெள்ளை, நிறச்சாயலை அளக்கும் கணக்கில் 6500 கெல்வின், விவிட்டைவிடக் கொஞ்சம் மஞ்சள் பக்கம் சாய்ந்தது.

பெரியம்மா கிட்டே வந்து பார்த்தார். "இப்பத்தாண்டா அவ மூக்குத்தியே தெரியுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா எல்லாருக்கும் மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கே?" ரெண்டு நாள் பாருங்க பெரியம்மா, பழகிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன். போன வாரம் அண்ணனிடம் கேட்டேன். நான் பஸ் ஏறிய அன்றைக்கே மறுபடி விவிட்டில் வைத்துவிட்டாராம்.