சுதர்சன சக்கரம்: வானை அடுக்கடுக்காகக் காப்பது எப்படி?

2025 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் அறிவிக்கப்பட்ட ‘சுதர்சன சக்கரம்’ திட்டம், நாட்டின் முக்கிய இடங்களை 2035-க்குள் வான்வழித் தாக்குதலிலிருந்து காக்கும் கவசத்தை உருவாக்க முனைகிறது. இதைப் பற்றிய பேச்சில் ஏவுகணைகளே முன்னிற்கின்றன. என் பார்வையில், எதிரியின் ஆயுதத்தை முன்கூட்டியே கண்டு, அதை எந்த அடுக்கு எதிர்கொள்வது என்று நொடிகளில் முடிவெடுக்கும் வலையமைப்பே இதில் கடினமான பகுதி.

நிலத்துக்கு 50 மீட்டர் மேலே, நொடிக்கு 250 மீட்டர் வேகத்தில் வரும் குரூஸ் ஏவுகணையை (விமானம்போல் தாழ்வாகப் பறந்து வரும் ஏவுகணை) எடுத்துக்கொள்வோம். 10 மீட்டர் உயரத்தில் நிறுவிய ரேடார் எவ்வளவு ஆற்றல் வாய்ந்ததாக இருந்தாலும், பூமியின் வளைவு மறைப்பதால், சுமார் 42 கி.மீ. தொலைவுக்கு வந்த பிறகே அந்த ஏவுகணை அதன் பார்வையில் படும். மிஞ்சுவது மூன்று நிமிடத்துக்கும் குறைவான நேரம். வருவது நம் விமானம் அல்ல என்று உறுதிசெய்து, பாதையைக் கணித்து, இடைமறிப்பு ஏவுகணையைச் செலுத்துவதெல்லாம் அதற்குள் முடிய வேண்டும். ரேடாரை 9 கி.மீ. உயரத்தில் பறக்கும் விமானத்தில் பொருத்தினால் இந்தப் பார்வை எல்லை 400 கி.மீ.யைத் தாண்டும். இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் ‘நேத்ரா’ விமானம் இதற்காகவே உருவானது.

ராக்கெட்டால் உயரே எறியப்பட்டு, வளைபாதையில் இலக்கில் விழும் பாலிஸ்டிக் ஏவுகணையின் சிக்கல் வேறு. மிக உயரே செல்வதால் அதைத் தொலைவிலிருந்தே காணலாம். ஆனால் 2,000 கி.மீ. பாயும் ஏவுகணை, இறங்கும்போது நொடிக்கு ஏறத்தாழ 4 கி.மீ. வேகத்தில் வருகிறது. எனவே உயரே ஒரு முறையும், அது தவறினால் தாழ்வாக இன்னொரு முறையும் மறிக்க வேண்டும். 2006 நவம்பரில் சுமார் 48 கி.மீ. உயரத்திலும், 2007 டிசம்பரில் சுமார் 15 கி.மீ. உயரத்திலும் இந்தியா இதைச் சோதித்துக் காட்டியது.

விமானங்களுக்கும் குரூஸ் ஏவுகணைகளுக்கும் எதிராக, 400 கி.மீ. வரை எட்டும் ரஷ்யத் தயாரிப்பான எஸ்-400 ஏவுகணை அமைப்பு, சுமார் 70 கி.மீ. எட்டும் நடுத்தரத் தொலைவு ஏவுகணை, 25 கி.மீ. அளவுக்குக் காக்கும் ஆகாஷ் ஏவுகணை என அடுக்குகள் அமைகின்றன. ஒவ்வோர் அடுக்கும் நூற்றுக்கு 80 இலக்குகளை வீழ்த்துவதாகக் கொண்டால், மூன்றையும் தாண்டுவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவே. மூன்றும் ஒரே ரேடாரை நம்பியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அந்த ரேடார் முடங்கினால் எல்லா அடுக்குகளும் சேர்ந்தே குருடாகும். பல ரேடார்களின் தகவலை ஒரே வான்படமாகத் தொகுக்கும் ராணுவத்தின் ‘ஆகாஷ்தீர்’ போன்ற அமைப்புகளின் அருமை இங்கேதான் புரிகிறது.

2025 ஆகஸ்ட் 23 அன்று ஒடிசா கடற்கரையில் டிரோன்கள் உள்ளிட்ட மூன்று ஆளில்லா இலக்குகளை இரு வகை ஏவுகணைகளும் ஒரு லேசர் ஆயுதமும் ஒரே வேளையில் வீழ்த்தியபோது, எதற்கு எது என்று பங்கிட்டுக் கொடுத்தது ஒரே கட்டுப்பாட்டு மையம். மலிவான டிரோன்கள் கூட்டமாக வந்தால் விலையுயர்ந்த ஏவுகணைகள் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், மின்சாரம் உள்ளவரை சுடக்கூடிய லேசரை நாடுகிறார்கள். மழையிலும் மூடுபனியிலும் அதன் கதிர் வலுவிழப்பதால், அதன் அருகிலேயே ஏவுகணைகளும் துப்பாக்கிகளும் இருந்தாக வேண்டும்.