டிஜிட்டல் ரயில் கொன்ட்ரோலரை எரிக்கும் இரண்டாவது கறண்ட்

மட்டக்களப்பில் மாடல் ரயில் ஓட்டுகிறவர்கள் அதிகம் பேர் இல்லை. அநேகமாக லண்டனிலோ கனடாவிலோ இருக்கும் மாமா, சித்தப்பா கொண்டுவந்து தந்த செட்தான் வீட்டில் இருக்கும். கொன்ட்ரோலர் எரிந்தால் அதே சாமானை இங்கே கடையில் வாங்க முடியாது. என் பழுதுபார்க்கும் மேசைக்கு வருகிற டிசிசி (தண்டவாளம் வழியாக எஞ்சினுக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) கொன்ட்ரோலர்களில் பெரும்பாலானவை மின்னலால் எரிந்தவை அல்ல. தண்டவாளம் வழியாக இன்னொரு கறண்ட் உள்ளே புகுந்து எரிந்தவை.

பழைய அனலாக் கொன்ட்ரோலர் தண்டவாளத்துக்கு 0 முதல் 12 வோல்ட் வரை டிசி கொடுக்கும். கூட்டினால் எஞ்சின் வேகமாக ஓடும், அவ்வளவுதான். டிசிசி அப்படி இல்லை. தண்டவாளத்தில் எப்போதும் 15 வோல்ட் அளவில் மின்னழுத்தம் இருக்கும். அதன் பிளஸ், மைனஸ் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இடம் மாறும். அந்த மாற்றத்தின் நேர அளவில்தான் எஞ்சினுக்கான கட்டளை இருக்கிறது. 58 மைக்ரோசெக்கனில் மாறினால் 1, ஏறத்தாழ 100 மைக்ரோசெக்கனில் மாறினால் 0. இதைச் செய்வது கொன்ட்ரோலரின் வெளியீட்டுப் பக்கத்தில் இருக்கும் சில ட்ரான்சிஸ்டர்கள், அல்லது ஒரு சின்ன ஐசி. கறண்டை வெளியே அனுப்பத்தான் அது செய்யப்பட்டது. வெளியிலிருந்து வருவதை வாங்கிக்கொள்ள அல்ல.

ஒரு தகப்பன் கேட்டார், “தம்பி, இதுல ஷோர்ட் ப்ரொடெக்‌ஷன் இருக்கெண்டு போட்டிருக்கு, பிறகு எப்பிடி எரிஞ்சது?” மூடியைக் கழற்றிக் காட்டினேன். வெளியீட்டு ஐசியின் நடுவில் மிளகளவு கறுப்புப் பொட்டு, பக்கத்துத் தடம் போர்டிலிருந்து உரிந்து மேலெழும்பி நின்றது. உள் வட்டத்துக்கு டிசிசி, வெளி வட்டத்துக்குப் பழைய அனலாக் என்று வைத்திருக்கிறார்கள். இடையில் பிளாஸ்டிக் இணைப்பி போட்டுப் பிரித்தும் இருக்கிறார்கள். ஆனால் எஞ்சின் ஒரு வட்டத்திலிருந்து மற்றதுக்குத் தாண்டும்போது அதன் சில்லுகளே இரண்டு பக்கத்தையும் தொடுத்துவிடும். அந்தக் கணமே இரண்டு மின்வழங்கிகளும் நேருக்கு நேர் மோதும். ப்ரொடெக்‌ஷன் காப்பாற்றுவது கொன்ட்ரோலர் அனுப்பும் கறண்ட் மிஞ்சினால்தான். வெளியே இருந்து தள்ளப்படுவதற்கு அது உத்தரவாதம் இல்லை.

ஆகவே டிசிசி பூட்டிய நாளிலேயே அனலாக் கொன்ட்ரோலரைத் தண்டவாளத் தளத்திலிருந்து கழற்றிவிடுங்கள். இரண்டும் கட்டாயம் வேண்டுமென்றால், நடுவில் ‘ஓஃப்’ நிலை உள்ள இருமுனை மாற்றுச் சுவிட்ச் ஒன்றால் முழுத் தளத்தையும் ஒரு நேரத்தில் ஒன்றுக்கே கொடுங்கள். எஞ்சினுக்கு இலக்கம் கொடுக்கும் ப்ரோக்ராமிங் தண்டவாளத்தைத் தனித் துண்டாகவே வைத்திருப்பது நல்லது. அனலாக் செட்டோடு வரும் மின் இணைப்புக் கிளிப் சிலவற்றுக்குள் சிறிய கெப்பாசிட்டர் இருக்கும். அது டிசிசி சிக்னலைக் குழப்பும், எடுத்துவிட வேண்டும்.

ஷோர்ட் விஷயத்தில் வயரின் தடிப்பை யாரும் கவனிப்பதில்லை. 15 வோல்ட் கொன்ட்ரோலர் 5 அம்பியரில்தான் ட்ரிப் ஆகும் என்றால், வயரும் இணைப்பும் சேர்ந்து 3 ஓமுக்கு மேல் தடை காட்டினால் ஷோர்ட் ஆனாலும் அது ட்ரிப் ஆகாது. அந்த இடம் சும்மா சூடேறிக்கொண்டே இருக்கும், எஞ்சினுக்குள் கட்டளையை வாசிக்கும் சின்ன போர்டான டிகோடரும் சேர்ந்து போகும். கடலும் வாவியும் சூழ்ந்த நம் ஊர்க் காற்றில் இணைப்புகள் பச்சை பிடித்துத் தடை தானாகவே ஏறும். பெரிய தளத்துக்கு அடியில் 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் ஓடவிட்டு, அதிலிருந்து பல இடத்தில் தண்டவாளத்துக்குக் கிளை எடுங்கள். அப்புறம் ஓர் ஐந்து ரூபாய்க் குற்றியைத் தண்டவாளத்தின் குறுக்கே தளத்தின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு கணம் வைத்துப் பாருங்கள். உடனே ட்ரிப் ஆகாத இடத்தில் வயரிங் சரியில்லை.

கனடாவிலிருந்து வந்த செட் என்றால் அடப்டரின் லேபிளை வாசிக்காமல் பிளக் செய்யவே வேண்டாம். ‘இன்புட் 100–240’ என்று இருந்தால் சரி. 120 மட்டும் என்றால் நம் 230 வோல்ட்டில் அது நிற்காது. லெப்டொப் அடப்டரின் முனை பொருந்துகிறது என்பதற்காக அதைக் குத்துவதும் கூடாது, பலது 19 வோல்ட்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி முழங்கும் காலம். வீட்டு ட்ரிப் சுவிட்ச் மின்னல் அழுத்தத்தைத் தடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது கறண்ட் நிலத்துக்குக் கசிந்தால் துண்டிக்கிற சாமான், வேலை வேறு. வானம் கறுக்கும்போதே பிளக்கைக் கழற்றுங்கள், கணினிக்குப் போகும் யூஎஸ்பி வயரையும் சேர்த்து. இடி தொடங்கிவிட்டால் வயரில் கை வைக்க வேண்டாம்.

எரிந்த மணம் வந்தால் “இன்னொருக்காப் பாப்பம்” என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். முதல் தடவையில் ஐசி மட்டும் போயிருக்கலாம், அடுத்த தடவையில் போர்டே கருகும். பழுதுக்குக் கொண்டுவரும்போது அடப்டரையும், தண்டவாளத்தில் எது எங்கே பூட்டியிருந்தது என்று எடுத்த ஒரு படத்தையும் கொண்டுவாருங்கள்.