மூச்சிரைப்பு தணிந்த பிறகும் அறுவை சிகிச்சை ஏன்?

பிறவியிலேயே இதயத்தில் பெரிய ஓட்டை உள்ள தம் பேரன், இரண்டாம் மாதத்தில் பால் குடிக்கும்போதே நெற்றி வியர்த்து மூச்சு வாங்கியதாகவும், எட்டு மாதமான இப்போது மூச்சிரைப்பு தணிந்து தேறி வருவதாகவும், அப்படியிருக்க அறுவை சிகிச்சைக்கு மருத்துவர் ஏன் இத்தனை அவசரப்படுத்துகிறார் என்றும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். சிறிய ஓட்டைகள் பல தாமாகவே மூடிக்கொள்கின்றன என்பது உண்மை. மருந்தால் குழந்தை தேறவும் கூடும். ஆனால் ஓட்டை பெரிதாகவே இருக்க மூச்சிரைப்பு மட்டும் குறைகிறது என்றால், நுரையீரலின் இரத்தக் குழாய்கள் தடித்து இறுகத் தொடங்கியிருக்கலாம். எது நடக்கிறது என்பதை வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது. எக்கோ பரிசோதனை தேவை.

கருவறையில் நுரையீரலுக்கு வேலை இல்லாததால் அதன் சிறு தமனிகள் தடித்துச் சுருங்கியே இருக்கும். பிறந்த ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் அவை மெலிந்து விரிய, நுரையீரல் பக்கம் இரத்த ஓட்டத்துக்கு இருக்கும் எதிர்ப்பு வெகுவாகக் குறைகிறது. நலமான வளர்ந்தவரின் உடலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் மகாதமனியில் சராசரி அழுத்தம் 90 மி.மீ. பாதரசத்தை ஒட்டியிருக்கும், நுரையீரல் தமனியில் அது 20-ஐத் தாண்டுவதில்லை. கீழறைகளுக்கு இடையிலுள்ள சுவரில் பெரிய ஓட்டை இருந்தால், எதிர்ப்பு குறையக் குறைய இடப்பக்க இரத்தம் வலப்பக்கம் பாய்ந்து நுரையீரலை நிறைக்கிறது. பிறந்த அன்று நலமாகத் தெரிந்த குழந்தை இரண்டாம் மாதத்தில் திணறுவது இதனால்தான். பாய்வது ஏற்கெனவே ஆக்சிஜன் ஏறிய இரத்தம் என்பதால், பல்ஸ் ஆக்சிமீட்டர் பெரும்பாலும் இயல்பான அளவையே காட்டும்.

இந்த மிகை ஓட்டம் குழாய்களை ஏன் இறுக்குகிறது என்பதை அறிய, குழாய் தன் அகலத்தை எப்படித் திருத்திக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். இரத்தக் குழாயின் உட்புறத்தை உட்படலம் என்னும் ஒரே ஓர் அடுக்குச் செல்கள் போர்த்தியிருக்கின்றன. 1980-இல் அமெரிக்க மருந்தியலாளர் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் மகாதமனித் துண்டுகளில், நரம்புகள் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை இட்டபோது, உட்படலம் சிதையாத துண்டுகள் தளர்ந்தன. உட்படலம் உரசி நீக்கப்பட்ட துண்டுகள் தளரவில்லை. உட்படலத்திலிருந்து குழாய்ச் சுவரின் தசைக்கு ஏதோ ஒரு பொருள் செல்கிறது என்று அவர் கண்டார். அது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு என்று பின்னர் தெளிவாகி, 1998-இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஓடும் இரத்தம் குழாயின் சுவரை உராய்கிறது. உட்படலச் செல்களின் மேலுள்ள நுண்ணிய சர்க்கரை இழைகளும் சவ்வுப் புரதங்களும் அந்த உராய்வை உணர, செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது. உடனே ஒரு நொதி, ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்குகிறது. சில நொடிகளே நிலைக்கும் அந்த வாயு, அதற்குள் பக்கத்து மென்தசைச் செல்லுக்குள் ஊடுருவி அதைத் தளர்த்துகிறது. ஓட்டம் மிகுந்தால் உராய்வு மிகும். உராய்வு மிகுந்தால் வாயு மிகும். வாயு மிகுந்தால் குழாய் விரியும். விரிந்ததும் உராய்வு தணியும். மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல் ஒவ்வொரு குழாயும் தன் அகலத்தைத் தானே திருத்திக்கொள்ளும் இந்த ஏற்பாட்டைவிட நேர்த்தியான ஒன்றை நம் உடலில் நான் அறியேன்.

மிகை ஓட்டமும் மிகை அழுத்தமும் சேர்ந்து மாதக்கணக்கில் தாக்கினால் இந்த ஏற்பாடு குலைகிறது. காயமுற்ற உட்படலம் நைட்ரிக் ஆக்சைடைக் குறைத்து, குழாயைச் சுருக்கும் எண்டோதீலின் என்ற பொருளைக் கூட்டுகிறது. 1993-இல் டேவிட் செலர்மேயர் குழுவினர் இத்தகைய குழந்தைகளின் நுரையீரல் தமனியில் அசிட்டைல்கோலினைச் செலுத்தி, குழாய்கள் தளரும் திறன் குன்றியிருப்பதைக் காட்டினார்கள். சுவருக்கு நெகிழ்ச்சி தரும் எலாஸ்டின் இழைகளை நொதிகள் அரிக்க, மென்தசைச் செல்கள் பெருகி, தசையே இல்லாதிருந்த நுண்குழாய்கள் வரை பரவுகின்றன; வழி குறுகுகிறது. இந்த மாற்றங்களை ஹீத், எட்வர்ட்ஸ் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் 1958-இல் ஆறு படிகளாக வகுத்தார்கள். ஓட்டையை அடைத்துவிட்டால் தொடக்கப் படிகளிலிருந்து குழாய்கள் மீளும். பிந்திய படிகளிலிருந்து மீள்வதில்லை.

இறுகிய குழாய்கள் எதிர்ப்பதால் நுரையீரலுக்குள் பாயும் மிகை இரத்தம் குறைகிறது, மூச்சு எளிதாகிறது, குழந்தை எடை போடுகிறது, ஸ்டெதாஸ்கோப்பில் கேட்ட முணுமுணுப்பும் மெலிகிறது. வீட்டார் நிம்மதி அடையும் அந்த மாதங்களில்தான் அறுவைக்குரிய காலம் கைநழுவுகிறது. எதிர்ப்பு மேலும் ஏறினால் ஓட்டம் திசை மாறி, ஆக்சிஜன் குறைந்த இரத்தம் உடலில் கலந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கும். 1897-இல் ஆஸ்திரிய மருத்துவர் விக்டர் ஐசன்மெங்கர் விவரித்த 32 வயது நோயாளியின் நிலை இதுதான். அப்போது ஓட்டையை அடைக்கவும் முடியாது. திணறும் வலக் கீழறைக்கு அதுவே வடிகாலாகிவிடுகிறது. போசென்டான், சில்டெனாஃபில் போன்ற மருந்துகள் துன்பத்தைக் குறைக்குமே தவிர, குழாய்களைப் பழைய நிலைக்குத் திருப்புவதில்லை. டவுன் குறைபாடுள்ள குழந்தைகளில் இவை எல்லாம் இன்னும் விரைவாக நேர்கின்றன.

ஐயம் இருந்தால், தொடை வழியே கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்தி நுரையீரல் தமனியின் அழுத்தத்தை அளந்து, ஆக்சிஜனையும் அதே நைட்ரிக் ஆக்சைடையும் சுவாசிக்கக் கொடுத்து மறுபடி அளக்கிறார்கள். எதிர்ப்பு நன்றாக இறங்கினால் குழாய்கள் இன்னும் தளரக்கூடியவை என்று பொருள். அறுவைக்கு வழி உண்டு.

கிரகணத்தன்று வெளியே போனதால்தான் குழந்தைக்குக் குறை வந்தது என்று தாயைப் பழிப்பது இன்றும் ஓயவில்லை. கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நெருங்கிய உறவில் மணம் முடிப்பதற்குத் தொடர்பு உண்டு என்பதை ஏற்கத்தான் குடும்பங்கள் தயங்குகின்றன. நம் நாட்டில் ஆறாவது வாரத் தடுப்பூசி போடப்படும் நாட்களும் நுரையீரல் எதிர்ப்பு இறங்கும் நாட்களும் ஒன்றாகவே வருகின்றன. அன்று செவிலியர், பால் குடிக்கையில் வியர்க்கிறதா, விட்டுவிட்டுக் குடிக்கிறதா, எடை ஏறியிருக்கிறதா என்று தாயிடம் கேட்டு, ஐயமுள்ள குழந்தையின் இதய ஒலியை மருத்துவர் கேட்க ஏற்பாடு செய்ய வேண்டும். பெரிய மருத்துவமனைகளின் கருவிகளுக்கு அரசு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, இதற்கான பயிற்சிக்கும் மாவட்ட மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கான எக்கோ வசதிக்கும் திருப்ப வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.