வான் டாமின் காலும் எங்கள் காலும்: நாற்பத்தைந்துக்குப் பிறகு உதைக்கிறவர்கள் கவனத்துக்கு

திங்கட்கிழமை காலையில் எங்கள் இயன்மருத்துவப் பிரிவின் வாசலில் நொண்டிக்கொண்டு நிற்கும் ஆண்களைப் பார்த்தாலே, ஞாயிற்றுக்கிழமை திருகோணமலை மைதானங்களில் என்ன நடந்திருக்கும் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். பழைய மாணவர்களின் நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் உதைபந்தாட்டம், உப்புவெளி மணலில் மகனோடு போட்ட கராத்தே, இல்லாவிட்டால் புத்தாண்டு விளையாட்டில் கயிறிழுத்தல். பெரும்பாலானவர்கள் இளமையில் நன்றாக விளையாடியவர்கள். விளையாடவே தெரியாதவர் இந்த வயதில் காலைத் தலைக்கு மேலே தூக்கிப் பார்க்க மாட்டார்.

இந்தத் தலைமுறைக்கு உதை என்றால் சண்டைப்பட நடிகர் ஜான்-குளோட் வான் டாம். தொண்ணூறுகளில் டெக்கும் ரீவியும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றர் சத்தத்துக்கு மேலால் படம் பார்த்தவர்களுக்குச் சுழன்று வந்து தாடையில் விழும் அந்தக் கால் மறக்காது. அதே வான் டாம் அமேசன் பிரைமில் ‘ஜான்-குளோட் வான் ஜோன்சன்’ என்ற நகைச்சுவைத் தொடரில் தன்னைத்தானே கேலி செய்தார். 2016 ஓகஸ்டில் வெள்ளோட்ட அத்தியாயம் வந்தது. 2017 டிசம்பரில் ஆறு அத்தியாயங்களாக முழுத் தொடரும் வந்தது. 2018 தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். அதில் அவர் ஓய்வுபெற்ற நடிகர் வான் டாமாகவே வருகிறார். சினிமா வெறும் போர்வை, உண்மையில் ஜோன்சன் என்ற பெயரில் வேலை பார்த்த இரகசிய முகவர். பழைய காதலியைக் கண்டதும் மறுபடி தொழிலில் இறங்கி, பல்கேரியாவுக்குப் படப்பிடிப்பு என்ற சாட்டில் போகிறார். 1960 ஒக்டோபரில் பிறந்தவர், தொடர் வெளிவந்தபோது வயது 57. மனசு இன்னும் எண்பதுகளிலேயே நிற்க, உடம்பு மட்டும் 57க்கு வந்துவிட்டது என்பதுதான் அங்கே சிரிப்பு. உடலியலின்படி அந்தக் கேலி சரியானது.

ஆளைக் கெடுப்பது அந்தத் தொடரல்ல, 2013இல் வந்த வொல்வோ விளம்பரம். பின்னோக்கி ஓடும் இரண்டு லொறிகளின் பக்கங்களில் கால்களை வைத்துக்கொண்டு, லொறிகள் விலக விலக முழுமையாகக் கால் விரிப்பார். அப்போது அவருக்கு 53. “அந்த மனுசன் 53இல் செய்தவர்தானே” என்ற கதை அதிலிருந்துதான் தொடங்குகிறது. இரண்டு விடயங்களை அந்தக் கதை மறந்துவிடுகிறது. அவர் சிறுவயதிலேயே ஷோடோகான் கராத்தேயும், பிறகு ஐந்து வருடம் பலே நடனமும் பழகியவர். அந்த வீச்சை நடுவில் விட்டுவிடவில்லை. மற்றது, கால் விரிப்பது மெதுவான வேலை. தசையும் தசைநாணும் மெதுவாக இழுபடும்போது இளகிக் கொடுக்கும், சடக்கென்று இழுத்தால் விறைத்து நிற்கும். உதை சடக்கென்ற இழுப்பு. காலை விரித்துக் காட்டக்கூடியவருக்குக்கூட, உடம்பு சூடேறாமல் உதைத்தால் தொடை கிழியும்.

படத்து உதையைப் பற்றியும் ஒன்று. ஒரே உதையை இரண்டு மூன்று கமராக் கோணத்தில் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள், வேகத்தைக் குறைத்து ஓடவிடுவார்கள், கமராவைக் கீழே வைத்து உயரத்தைக் கூட்டுவார்கள். நடுவில் நடிகர் இளைப்பாறுவார், ஆபத்தான இடத்தில் சண்டைப் பதிலி வருவார். மைதானத்தில் ‘கட்’ சொல்ல ஆள் இல்லை.

வயதோடு என்ன மாறுகிறது? முப்பது வயதுக்குப் பிறகு பத்து வருடத்துக்கு ஏறத்தாழ 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது, அறுபதுக்குப் பிறகு இன்னும் வேகமாக. அதிலும் முதலில் மெலிவது வேக நார்கள். உதைக்கும் பாய்ச்சலுக்கும் வேண்டியவை அவைதான். அதனால் அறுபதாம் வயதிலும் அரிசி மூட்டை தூக்குகிறவர் ஒரு எட்டுப் பாய்ந்தால் விழுந்துவிடுகிறார். பாரம் தூக்குவது மெதுவான பலம், பாய்வது வேகப் பலம். உதைக்கும் முறையை மூளை மறப்பதில்லை, இருபது வயதில் கொடுத்த அதே கட்டளையைத்தான் கொடுக்கும். அந்த இடைவெளியில்தான் காயம் விழுகிறது.

முதலில் தொடையின் பின்தசை. ஓடும்போது கிழிவதும் காலை உயர்த்தி இழுத்துக் கிழிவதும் ஒன்றல்ல. ஓடும்போது பெரும்பாலும் வெளிப்பக்கத் தசை, தொடையின் நடுப்பகுதியை அண்டிக் கிழியும். ‘டக்’ என்று பிடிக்கும், ஆள் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். உயர உதைத்தோ கால் விரித்தோ கிழிவது பிட்டத்தில் நாங்கள் உட்காரும் எலும்புக்கு அருகில். இதில் ஏமாற்று உண்டு: முதல் நாள் நோவு குறைவாக இருக்கும், நடக்கவும் முடியும். பலகைக் கதிரையில் இருந்தால்தான் குத்தும். ஆனால் குணமாக எடுக்கும் காலம் ஓட்டக் காயத்தைவிட மிக அதிகம், பழைய நிலைக்கு வர ஒரு வருடத்தை நெருங்குவதும் உண்டு. இரண்டு மூன்று நாளில் தொடையின் பின்பக்கம் முழுக்கக் கன்றிப்போய் முழங்கால் வரை நீலம் பாரித்தால், நடையில் காலைப் பின்னுக்கு இழுக்கப் பலமில்லாவிட்டால், தசை எலும்பிலிருந்தே கழன்றிருக்கலாம். அதற்கு எலும்பு முறிவு வைத்திய நிபுணரைப் பார்க்க வேண்டியது இரண்டு மூன்று வாரத்துக்குள். பிந்தினால் சத்திரசிகிச்சை கடினமாகும்.

கராத்தே வகுப்புகளில் பின்னால் ஒருவர் முதுகில் ஏறி அமுக்கிக் கால் விரிக்க வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. நாற்பது தாண்டியவருக்கு அதைச் செய்யவே வேண்டாம். எல்லா இடுப்பும் முழுக்க விரியாது. இடுப்புக் கிண்ணத்தின் ஆழமும் தொடையெலும்பின் கழுத்துச் சாய்வும் ஆளுக்கு ஆள் வேறு. தொடையின் உட்புறம் இழுபட்டால் அது தசை. கவட்டின் முன்புறத்தில் கூர்மையாகக் குத்தினால் எலும்போடு எலும்பு முட்டுகிறது. அதை நீட்டிச் சரிசெய்ய முடியாது.

அடுத்தது அக்கிலிஸ் தசைநாண், குதிக்காலுக்கு மேலே தடித்த கயிறு போல இருப்பது. நாங்கள் அதிகம் கவலைப்படுவது இதற்காகத்தான், ஏனென்றால் அதிகம் தவறவிடப்படுவதும் இதுதான். குதிக்கால் எலும்பிலிருந்து 2 முதல் 6 சென்ரிமீற்றர் உயரத்தில் இரத்த ஓட்டம் குறைவு, அறுவது அநேகமாக அங்கேதான். அறுந்தவர் எல்லோரும் சொல்வது ஒரே கதை: “ஆரோ பின்னால வந்து உதைஞ்சமாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தா ஆருமில்லை.” சத்தமும் கேட்கும். பிறகு நோவு அடங்கிவிடும், பாதத்தை ஓரளவு கீழே அசைக்கவும் முடியும், ஏனென்றால் விரல்களை மடக்கும் தசைகள் அந்த வேலையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும். அதனால் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் பூசி உருவிக்கொண்டு ஒரு மாதம் கழிப்பவர்கள் உண்டு. நான்கு வாரம் கடந்தால் அது நாட்பட்ட காயம், வைத்தியமும் பெரிதாகிறது.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. கட்டிலில் குப்புறப் படுத்து, பாதங்கள் இரண்டும் விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். முதலில் நல்ல காலின் ஆடுதசையை, தடித்த இடத்தில், இன்னொருவர் கையால் பிதுக்கட்டும். பாதம் தானாகக் கீழ்நோக்கி அசையும். அதையே காயப்பட்ட காலில் செய்யுங்கள். பாதம் அசையாவிட்டால் அறுந்திருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, காலை ஊன்றாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். பாதம் அசைகிறது, நோவு ஆடுதசையின் உட்புறம் நடுவில் என்றால் அநேகமாகத் தசைக் கிழிவு. ஆறு எட்டு வாரத்தில் சரிவரும்.

மருந்து விடயம் பலருக்குத் தெரியாது. சிறுநீர்க் கிருமிக்குத் தரும் சிப்ரோபுளோக்சசின், லீவோபுளோக்சசின் வகைக் குளிசைகள் தசைநாணைப் பலவீனமாக்கக்கூடும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2008இல் இதற்குத் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. அறுபதைத் தாண்டியவர்களுக்கும், இழுப்புக்கோ மூட்டு வருத்தத்துக்கோ பிரெட்னிசலோன் எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூட. குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அதை எடுக்கும் நாட்களிலும் பிறகு சில வாரங்களும் பாயாமல், உதைக்காமல் இருங்கள். குதிக்காலுக்கு மேலே நோவெடுத்தால் டொக்டரிடம் சொல்லுங்கள்.

முழங்காலுக்கு ஒரே ஒரு பேச்சு. சுழன்று உதைக்கும்போது ஊன்றிய பாதம் குதிக்காலைத் தூக்கித் திரும்ப வேண்டும். மணலில் புதைந்தாலோ, அடியில் முளை வைத்த பூட்ஸ் நிலத்தில் கடித்தாலோ பாதம் நிற்கும், உடம்பு திரும்பும், நடுவில் அகப்பட்ட மினிஸ்கஸ் சவ்வு கிழியும். பூட்ஸ் போட்டுக்கொண்டு சுழலுதை வேண்டாம். கடற்கரை என்றால் ஈர மணலாக, இறுகிய இடமாகப் பாருங்கள்.

காயம் பட்ட முதல் மூன்று நாள்: சூடு வேண்டாம், சாராயம் வேண்டாம், ஓட்டம் வேண்டாம், உருவல் வேண்டாம். இதை எழுதக் காரணம் கன்னியா. ஏழு கிணறுகளும் பக்கத்திலேயே இருப்பதால், சுளுக்கென்றால் வெந்நீர் ஊற்றில் குளிக்கப் போவது எங்கள் ஊர் வழக்கம். உள்ளே இரத்தம் கசியும் தசையில் சூடு பட்டால் கசிவு கூடும். ஒரு கிழமை கழித்து, வீக்கம் வற்றிய பிறகு போனால் சுகமாகத்தான் இருக்கும், தடையில்லை. முதல் இரண்டு நாள் ஐஸ் கட்டியை ஈரத் துவாயில் சுற்றி 10 முதல் 15 நிமிடம், இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. சீனி வருத்தத்தால் பாதம் மரத்தவர்கள் கணுக்காலில் ஐஸ் வைக்க வேண்டாம், சூடு போலக் குளிரும் தெரியாது. ஆடுதசைக்கு 10 சென்ரிமீற்றர், தொடைக்கு 15 சென்ரிமீற்றர் அகலக் கிறேப் பன்டேஜ். கீழிருந்து மேலே, ஒரு சுற்று முந்தியதில் பாதியை மூடும்படி. விரல் நீலமானால் அல்லது விறைத்தால் அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுங்கள். அஸ்பிரின், குளோப்பிடோகிறெல், வார்ஃபரின் எடுப்பவருக்குச் சிறிய கிழிவும் பெரிய கசிவாகும், அவர்கள் காத்திருக்காமல் காட்டட்டும். சில நாள் கழித்து ஆடுதசை சூடாகி, இறுகி வீங்கினால் அது நாளத்தில் இரத்தக் கட்டியாக இருக்கலாம். அதை உருவவே கூடாது. மூச்சு வாங்கினால் அவசரம்.

நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் நோவு, குளிர் வியர்வை வந்தால் ஆட்டம் நின்றது. 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். சீனி வருத்தக்காரருக்கு நெஞ்சு நோவே இல்லாமல் மூச்சுத் திணறல் மட்டும் வரலாம். நீண்ட நாளுக்குப் பிறகு விளையாட வருகிறவர் 220இலிருந்து வயதைக் கழித்து, அதில் 60 முதல் 75 சதவீதத்துக்குள் நாடியை வைத்துக்கொள்ள வேண்டும்: 57 வயதென்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 98 முதல் 122. பிறசருக்கு அட்டெனோலோல் போன்றவை எடுப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, முழு வசனம் பேசக்கூடிய வேகமே அவருக்கு அளவு. கச்சான் காற்றுக் காலத்தில் நாலு மணிக்கும் வெயில் இறங்குவதில்லை, ஐந்துக்குப் பிறகு தொடங்குங்கள்.

சூடேற்றுவதற்கு 12 முதல் 15 நிமிடம் ஒதுக்குங்கள். ஐந்து நிமிடம் விரைந்த நடை. சுவரைப் பிடித்துக் காலை முன்னும் பின்னும், பிறகு பக்கவாட்டிலும் ஊஞ்சல் போல 12 தடவை. முதலில் முழங்கால் உயரம், மெல்ல மெல்ல இடுப்பு வரை. அரைக் குந்தல் 10, நீண்ட எட்டு வைத்துத் தாழ்தல் ஒவ்வொரு காலுக்கும் 8, குதிக்கால் தூக்கல் 15. கடைசியாக அரை வேகத்தில் ஐந்து உதை, முக்கால் வேகத்தில் ஐந்து. குனிந்து விரலைத் தொட்டுக்கொண்டு ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்பதை ஆட்டத்துக்கு முன்னால் செய்யாதீர்கள், அது தசையின் வேகத்தைக் குறைக்கும். ஆட்டம் முடிந்த பிறகு 30 செக்கனாக இரண்டு மூன்று தடவை நீட்டலாம்.

சூடேற்றல் மட்டும் போதாது. கிழமையில் இரண்டு நாள், நடுவில் இரண்டு நாள் இடைவெளி விட்டுப் பலப்படுத்த வேண்டும். மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது 12 தடவையாக மூன்று சுற்று. எளிதானதும் ஒற்றைக் காலால். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தால் நின்று, இரு காலால் ஏறி, ஒரு காலால் மெதுவாகக் குதிக்காலைக் கீழே இறக்குவது 15 தடவையாக மூன்று சுற்று. இரண்டு கையிலும் 5 லீற்றர் தண்ணீர்க் கான், மொத்தம் 10 கிலோ, முதுகை நேராக வைத்து இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது 10 தடவை. சாப்பாட்டில் உடம்பின் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம். சமைத்த மீன் நூறு கிராமில் இருபதுக்கு மேல் கிடைக்கும், ஒரு முட்டையில் ஆறு. சிறுநீரக வருத்தம் உள்ளவர் டொக்டரைக் கேட்காமல் இதைக் கூட்ட வேண்டாம்.

காயம் ஆறிய பிறகு எப்போது உதைக்கலாம் என்று நாட்காட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒற்றைக் காலில் நின்று குதிக்காலைத் தூக்கி எண்ணுங்கள். நல்ல கால் இருபது செய்தால் காயப்பட்ட கால் குறைந்தது பதினெட்டு செய்ய வேண்டும். அந்தக் காலில் பத்துச் செக்கன் ஆடாமல் நிற்கவும் வேண்டும். அக்கிலிஸ் அறுந்தவர் இதற்கு வர ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் எடுக்கும். தேறினால் முதல் இரண்டு கிழமை முழங்கால் உயர உதை, அடுத்த இரண்டு கிழமை இடுப்பு உயரம், அதன் மறுநாள் காலையில் நோவு இல்லாவிட்டால் மட்டும் நெஞ்சு உயரம். தலை உயரம் வேண்டுமென்று நிற்பவர்களுக்கு, எதிரே குட்டையான ஆளாகப் பார்த்து நிறுத்தச் சொல்கிறோம்.