போல்ட் போனால் போகட்டும், பாகம் பத்திரம்: துருப்பிடித்த பழைய கார்களில் வேலை செய்வோருக்கு

கழலாத போல்ட்டில் ஸ்பேனரை மாட்டும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். ஏதாவது உடைந்தே தீரும் என்றால் எது உடையலாம்? போல்ட்டா, அது உட்கார்ந்திருக்கும் பாகமா? போல்ட் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அம்பாசடரின் என்ஜின் புகையை வெளியேற்றும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டுக்கோ பத்மினியின் சக்கரம் மாட்டும் ஸ்டப் ஆக்ஸிலுக்கோ ஊர் ஊராகப் பழைய சாமான் கடைகளை அலச வேண்டும். அம்பாசடர், மாருதி 800 இரண்டின் தயாரிப்புமே 2014-இல் நின்றுவிட்டது. பத்மினி அதற்கும் வெகு முன்பே போய்விட்டது. அதனால் போல்ட்டைப் பலி கொடுக்கலாம், பாகத்தைக் கொடுக்கக் கூடாது. என் பட்டறையில் வேலை பழகும் பையன்களிடம் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

தூத்துக்குடி மாதிரி உப்புக் காற்று அடிக்கும் ஊரில் காரின் அடிப்பகுதியில் ஒரு போல்ட்கூட இலகுவாக வராது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் முங்கிய வண்டிகள் இன்னும் மோசம். மேலே பார்க்கப் பளபளவென்று இருக்கும். அடியில் ஸ்பிரிங் பட்டை, அதை வண்டியோடு இணைக்கும் ஷாக்கிள், சைலன்சர் கிளாம்ப் எல்லாம் ஒரே துண்டாக இறுகிக் கிடக்கும்.

இறுக்கம் எங்கிருந்து வருகிறது? இரும்பு துருவாக மாறும்போது அதன் கன அளவு இரண்டு மடங்குக்கும் மேல் போகிறது. மரைகளுக்கு நடுவில் இருப்பதே கொஞ்சூண்டு இடைவெளி. அதில் துரு உப்பினால் போல்ட்டும் நட்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அலுமினியத்தில் இரும்பு போல்ட் இருந்தால் சிக்கல் வேறு மாதிரி. ஈரமும் உப்பும் சேர்ந்து இரண்டு உலோகங்களுக்கும் நடுவில் ஒரு சின்ன மின்கலமே உருவாகி, அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாக மரையை அடைத்துவிடும். மாருதியின் தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றியவர்களுக்கு அந்த வெள்ளைப் பொடி நன்றாகத் தெரியும்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் ஸ்பேனர் அளவு. அம்பாசடர் பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து வந்த வண்டி என்பதால் அதன் போல்ட்டுகள் இஞ்ச் கணக்கில் இருக்கும். 1990-களில் இசுசு என்ஜின் வந்தபிறகு ஒரே வண்டியில் இஞ்சும் மில்லிமீட்டரும் கலந்துவிட்டன. அரை இஞ்ச் என்றால் 12.7 மி.மீ. அதில் 13-ஆம் நம்பர் ஸ்பேனர் சுலபமாக உட்காரும், சாதாரண போல்ட்டைக் கழற்றியும் விடும். இறுகிய போல்ட்டில் அந்த 0.3 மி.மீ. ஆட்டமே தலையின் மூலைகளை மழுக்கப் போதும். 9/16 இஞ்ச் 14.3 மி.மீ.; 14 நுழையாது, 15 வழுக்கும். இஞ்ச் செட் ஒன்று தனியாக வாங்கி வையுங்கள். இறுகிய இடத்தில் ஓப்பன் ஸ்பேனர் வேண்டவே வேண்டாம். ஆறு மூலை சாக்கெட்தான் வேண்டும். பன்னிரண்டு மூலை சாக்கெட் மூலையின் நுனியை மட்டும் பிடிக்கும். ஆறு மூலை பக்கவாட்டை அணைத்துப் பிடிக்கும். மாட்டும் முன் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். அந்தத் துருவோடு நட்டைத் திருகினால் பாதி வழியில் மறுபடி சிக்கும்.

அடுத்து எண்ணெய். எல்லோரும் நீட்டுவது டபிள்யூடி-40 டப்பாவைத்தான். 1953-இல் அமெரிக்காவில் அதை உருவாக்கியது தண்ணீரை விரட்டுவதற்கு. பெயரில் உள்ள இரண்டு எழுத்துகளுக்கும் பொருள் அதுதான், 40 என்பது நாற்பதாவது முயற்சி. லேசான துருவுக்கு அது போதும். வருஷக்கணக்காக இறுகியதற்கு மரைக்குள் ஊடுருவவென்றே விற்கும் எண்ணெய் வேண்டும். எதை அடித்தாலும் நேரம் கொடுக்க வேண்டும். சாயங்காலம் அடித்து, சுத்தியலால் போல்ட் தலையில் நேராக நாலு தட்டுத் தட்டி, காலையில் மறுபடி அடித்துத் தட்டுங்கள். அந்த அதிர்வில் துருவில் விரிசல் விழும், எண்ணெய் உள்ளே இறங்கும். வண்டியைக் காலையில் விட்டு மாலையில் கேட்கும் உரிமையாளர்களே, பழைய வண்டிக்கு இந்த ஓர் இரவைக் கொடுங்கள். அவசரத்தில் உடைந்த ஸ்டட்டை (தலையில்லாத போல்ட்டை) எடுக்க லேத் பட்டறையில் ஆகும் நாளும் பணமும் அதைவிட எத்தனையோ மடங்கு.

இப்போது கையைக் கவனியுங்கள். போல்ட் விடுபட்டால் 'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம் கீச்சென்ற முனகல், மரையிலிருந்து காபி நிறத்தில் எண்ணெய் கசியும். அது நல்ல சகுனம். கால் சுற்று கழற்றி, எண்ணெய் விட்டு, அரைக்கால் சுற்று திரும்ப இறுக்கி, மறுபடி கழற்றுங்கள். சத்தமே இல்லாமல் ஸ்பேனர் சவ்வு மிட்டாய் இழுப்பதுபோல் மெத்தென்று நகர்ந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். கழல்கிறது என்று பலர் சந்தோஷப்படும் இடம் அது. உண்மையில் உள்ளே போல்ட்டின் உடம்புதான் முறுக்கிக்கொண்டிருக்கும், இன்னும் கொஞ்சம் போனால் அறுந்துவிடும். பிரேக் எண்ணெயிலிருந்து காற்றை வெளியேற்றும் பிளீடிங் நிப்பிளில் இது அடிக்கடி நடக்கும். நடுவில் துளை இருப்பதால் அதற்கு வலு குறைவு. துளைக்குள் சரியாகப் பொருந்தும் ட்ரில் பிட்டின் வழவழப்பான முனையை நுழைத்துவிட்டுத் திருகினால் சுவர் நசுங்காது.

மாருதி 800-இன் பின் பிரேக் டிரம் ஒட்டிக்கொண்டால் விளிம்பில் சுத்தியலால் அடிப்பவர்கள் உண்டு. வார்ப்பிரும்பு, விரிசல் விட்டுவிடும். டிரம்மிலேயே 8 மி.மீ. மரையோடு இரண்டு துளைகள் இருக்கின்றன. இரண்டு போல்ட்டைப் போட்டு மாற்றி மாற்றி அரைச் சுற்று இறுக்கினால் டிரம் தானாக வெளியே வரும். உள்ளிருக்கும் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்த இழை நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது. நனைத்துத் துடையுங்கள்.

எண்ணெய்க்கும் மசியாவிட்டால் சூடு. நட்டைச் சுற்றி மட்டும் சட்டென்று சூடேற்றினால் போல்ட்டுக்குச் சூடு பரவும் முன் நட்டு விரிந்து பிடி தளரும். அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவதால் அதற்குக் குறைந்த சூடே போதும். ஆனால் ஜாக்கிரதை: அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்காது, 660 டிகிரிக்கு முன்பேகூட அப்படியே சரிந்துவிடும்.

இந்த இடத்தில் எல்லோரும் கொஞ்சம் நின்று படியுங்கள், ஏனென்றால் இங்கே போவது போல்ட் அல்ல, உயிர். சில பிரேக் கிளீனர் டப்பாக்களில் டெட்ராகுளோரோஎத்திலீன், டைகுளோரோமீத்தேன் போன்ற குளோரின் சேர்மங்கள் இருக்கும். அடித்த இடம் காயாமல் வெல்டிங் வைத்தாலோ தீயைக் காட்டினாலோ பாஸ்ஜீன் வாயு உண்டாகலாம். முதல் உலகப் போரில் விஷவாயுவாகப் பயன்பட்டது அதுதான். உடனே பெரிதாக ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறும். குளோரின் இல்லாத கிளீனர் என்றால் குப்பென்று தீப்பிடிக்கும். அதனால் சூடேற்றப்போகும் இடத்தில் எந்த கிளீனரும் வேண்டாம். எண்ணெய் அடித்திருந்தாலும் துடைத்துவிட்டுத்தான் தீயைக் காட்ட வேண்டும். துத்தநாகம் பூசிய போல்ட்டைச் சுட்டால் எழும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வந்ததுபோல் நடுங்கும். பெட்ரோல் டேங்க், கேஸ் சிலிண்டர், பிரேக் ஹோஸ், ஷாக் அப்சார்பர் பக்கத்தில் தீயே கூடாது. ஷாக் அப்சார்பர் மூடிய குழாய், சூட்டில் வெடிக்கும்.

ஸ்பேனர் பிடியில் நீளமான பைப் மாட்டி இழுக்கும் வேலையை ஜாக்கில் நிற்கும் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு செய்யாதீர்கள். போல்ட் திடீரென்று விடும்போது வண்டி மொத்தமும் குலுங்கும். இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு இறங்குங்கள். கண்ணாடி போடாமல் அடியில் போகவே கூடாது, துரு நேராகக் கண்ணில்தான் விழும்.

ஸ்டட் உடைந்தே போனால் என் முதல் தேர்வு, மீதி நிற்கும் துண்டின்மேல் நட்டை வைத்து நடுவில் வெல்டிங் நிரப்புவது. பிடியும் கிடைக்கும், சூடும் உள்ளே இறங்கும். கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் முன்னும் பின்னும் அசைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். உடைந்த துண்டில் துளை போட்டு, உள்ளே கவ்வித் திருகி எடுக்கும் ஈஸி அவுட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது மிகக் கடினமான எஃகு. உள்ளே உடைந்தால் சாதாரண ட்ரில் அதைத் தொடக்கூட முடியாது. துளை போட்டே எடுப்பதென்றால் சரியாக நடுவில் புள்ளி குத்தி, சின்ன பிட்டிலிருந்து தொடங்குங்கள். 8 மி.மீ. மரைக்கு 6.8 மி.மீ. துளைக்கு மேல் போகாதீர்கள்.

திரும்பப் பூட்டும்போது பழைய போல்ட் வேண்டாம். தலையில் வலுவைக் குறிக்கும் எண் 8.8 என்று இருந்தால் புதியதும் 8.8-ஆகவே இருக்கட்டும். துருப்பிடிக்காதே என்று சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்ட்டை சஸ்பென்ஷனிலும் ஸ்டியரிங்கிலும் போடுகிறார்கள், அதற்கு அந்த வலு கிடையாது. மரையில் டேப் (மரை வெட்டும் கருவி) விட்டுச் சுத்தம் செய்து, மேனிஃபோல்ட், சைலன்சர், ஷாக்கிள் போல்ட்டுகளுக்கு மறுபடி இறுகாமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பசையைப் பூசுங்கள். அது வழுக்குவதால் வழக்கமான இறுக்கத்தைவிடக் கொஞ்சம் குறைத்தே இறுக்க வேண்டும். சக்கர நட்டுகளின் சாய்வான முகத்தில் மட்டும் எதையும் தடவாமல், காய்ந்த நிலையில் இறுக்கி, கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.