பயோஇன்சைசிங்: பூஞ்சைவழித் துளைதிறப்பு

மரத்தை மக்கவைக்கும் பூஞ்சை ஒன்றை வேண்டுமென்றே மரத்துக்குள் வளரவிட்டு, பலம் குறைவதற்குள் நிறுத்தி, பாதுகாப்பு மருந்தை நன்றாக உறிஞ்சும் மரமாக அதை மாற்றுவதுதான் பயோஇன்சைசிங். சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வு நிறுவனத்தில் பிரான்சிஸ் ஷ்வார்ட்சேயின் குழு 2000-களில் இந்த முறையை வளர்த்தெடுத்தது.

'பயோ' என்பது வாழ்வைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 'இன்சைஸ்' என்பதன் வேர் உள்ளே வெட்டுதல் என்ற பொருள்படும் லத்தீன் வினை. மரத்தொழிலில் இன்சைசிங் முன்பே புழங்கிய சொல். பாதுகாப்பு மருந்து இறங்காத மரங்களின் மேல் பல் வைத்த உருளைகளை ஓட்டி, வரிசையாகச் சிறு கீறல்கள் போடுவார்கள். மருந்து அந்தக் கீறல்கள் வழியே உள்ளே போகும். அந்த வேலையை உயிரி ஒன்று செய்வதால் முன்னால் 'பயோ' சேர்ந்தது.

மருந்து ஏன் இறங்குவதில்லை? ஸ்ப்ரூஸ் போன்ற ஊசியிலை மரங்களைத்தான் மென்மரம் என்கிறோம். (மிக மென்மையான பால்சா, தாவரவியல் கணக்கில் வன்மரம். ஆகவே மென்மை இங்கே அளவுகோல் அல்ல.) மென்மரத்தின் பெரும்பகுதி டிரக்கீடுகள் என்னும் நீண்ட செல்களால் ஆனது. ஒரு டிரக்கீடிலிருந்து அடுத்ததற்கு நீர் போக, சுவரில் வரம்புடைய குழிகள் உண்டு. ஒவ்வொரு குழியின் நடுவிலும் மெல்லிய இழைகளில் தொங்கும் ஒரு வட்டத் தகடு இருக்கும். இழைகளும் தகடும் சேர்ந்ததே குழிச் சவ்வு. மரம் காயும்போது இந்தத் தகடு ஒரு பக்கமாக இழுபட்டு, வாஷர் போல வாயை அடைத்துக்கொள்கிறது. ஸ்ப்ரூஸில் இது மறுபடி எளிதில் திறப்பதில்லை. எவ்வளவு அழுத்தம் கொடுத்தாலும் மருந்து மேற்பரப்பை ஒட்டியே நின்றுவிடுவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

இங்கேதான் ஃபைசிஸ்போரினஸ் விட்ரியஸ் என்ற வெண்ணழுகல் பூஞ்சை (மரத்தை வெளிறவைத்து அழுகச் செய்யும் வகை) வருகிறது. நீர் ஊறிய மரத்திலும் வளரக்கூடியது இது. வளர்ச்சியின் தொடக்கத்தில் செல்சுவரை அதிகம் தொடாமல், பெக்டின் நிறைந்த அந்தக் குழிச் சவ்வுகளை முதலில் கரைக்கிறது. சில வாரங்களில் நிறுத்திவிட்டால் வழி திறந்திருக்கும், எடையிழப்பும் மிகக் குறைவு. மரத்தைப் பழுப்பாக்கி அழுகச் செய்யும் பழுப்பழுகல் பூஞ்சை இதற்கு உதவாது. எடை சிறிதளவே குறைந்திருக்கும்போதே அது செல்லுலோஸை உடைத்து, மரத்தின் பலத்தைப் பெரிதும் குறைத்துவிடும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'உயிரிக் கீறல்' என்பது நேர்ப்பெயர்ப்பு. பழைய தொழில்முறையோடு உள்ள உறவையும் காட்டுகிறது. ஆனால் இங்கே யாரும் எதையும் கீறவில்லை. ஏற்கெனவே இருந்து அடைபட்ட வழி திறக்கிறது. 'உயிரி' என்பதும் பொதுப்படையானது. நீரில் போட்டுவைத்த மரத்துண்டுகளில் பாக்டீரியாவும் இதே சவ்வுகளை அரிக்கும். அதனால் 'பூஞ்சைவழித் துளைதிறப்பு' என்பதையே நான் பரிந்துரைப்பேன். யார் செய்கிறது, என்ன நடக்கிறது என்ற இரண்டும் அதில் உண்டு. இதை 'உளுத்தல்' என்றோ 'செல்லரித்தல்' என்றோ எழுதுவது தவறு. முன்னது வண்டு வேலை, பின்னது கறையான் வேலை. பூஞ்சையால் கெடுவதற்கு 'உக்குதல்', 'மக்குதல்' பொருந்தும். ஆனால் இந்த முறையே அந்தக் கட்டத்துக்கு முன்னால் நின்றுகொள்வதுதான்.

நடைமுறையில் பெரிய சிக்கல், பூஞ்சை மரம் முழுக்க ஒரே சீராகப் பரவாதது. ஒரு பலகையிலேயே ஓரிடம் நன்றாக உறிஞ்சும், பக்கத்திலேயே வறண்டு கிடக்கும்.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொரு சொல் மைக்கோவுட். அதே பூஞ்சையை ஸ்ப்ரூஸில் மாதக்கணக்கில் வளரவிட்டு, செல்சுவரை மெலிதாக்கி, வயலின் செய்வதற்கேற்ற அடர்த்தி குறைந்த மரத்தைப் பெறுகிறார்கள். 2009-இல் ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக்கில், எந்த வயலின் என்று தெரியாமல் கேட்ட 180-க்கும் மேற்பட்டோரில் 90 பேர், 1711-இல் செய்யப்பட்ட, புகழ்பெற்ற ஸ்ட்ராடிவாரியஸ் வயலினைவிட இப்படிச் செய்த வயலினின் நாதமே சிறந்தது என்றார்கள். அங்கே குறி செல்சுவர், இங்கே குழிச் சவ்வு. ஆகவே மைக்கோவுட்டுக்குத் துளைதிறப்பு என்ற பெயர் பொருந்தாது. 'பூஞ்சை பதப்படுத்திய மரம்' என்றே எழுதலாம்.